அணைக்குள் பூத்த மொச்சை

தேனி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது காலை ஆறே கால். 2004ஆம் ஆண்டு, ஐப்பசி பிறந்த வாரம். கோயம்பேட்டிலிருந்து என் தோளைத் தலையணையாக்கிக்கொண்டு வந்த அம்மாள் வத்தலக்குண்டில் கண் விழித்து, "தூக்கமே வரலியா உங்களுக்கு?" என்று கரிசனத்தோடு விசாரித்திருந்தார். இரண்டு டீ குடித்த பிறகுதான் எனக்குக் கோபம் தணிந்தது.

இந்தப் பயணம் என் கணவர் வந்திருக்க வேண்டியது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கேட்டால்தானே கிடைக்கும்! அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் மேகமலை அடிவாரத்தில் ஒரு மண் அணைக்குள் கிடக்கிறது. அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அணை கட்ட நிலத்தை எடுத்துக்கொண்டு பணமும் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. மழை பொய்த்து அணை வற்றினால் மட்டும், மாடு கட்டித் தண்ணீர் இறைத்த அவர்களுடைய கமலைக் கிணற்றின் இரண்டு கல்தூண்களும் வெளியே வரும்.

ஆவணியில் அவருடைய அக்கா பேச்சியம்மாள் போன் செய்தார். எனக்கு மதினி. "ஏலே தம்பி, தூணு ரெண்டும் தெரியுதுடா. அய்யா போட்ட எடத்துலயே மொச்ச போட்டுருக்கேன்" என்றார். அய்யா என்றது என் மாமனாரை. பிறகு ஒருநாள் இவர், "நீ போய்ப் பாத்துட்டு வாயேன். ஒரு படி மொச்சை கிடைச்சாக் கொண்டுவா" என்றார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எதுவும் கிடையாது. அதனால்தான் கிளம்பினேன்.

ஆறே முக்காலுக்குக் கம்பம் பேருந்து. சின்னமனூருக்கு இருபத்து நாலு கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் எட்டு ரூபாய். வீரபாண்டியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் வயல், பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமி. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று, அடுத்த வீட்டுக்காரியோடு பேச்சுவார்த்தையே முறிந்துபோன எனக்கு அந்த வாய்க்காலைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. சின்னமனூரில் கிழக்கே திரும்பி ஓடைப்பட்டிப் பாதையில் மினி பஸ் ஏறினால் காட்சி மாறிவிடுகிறது. சீப்பாலக்கோட்டைக்கு அப்பால் ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆழக் கிணறு வைத்திருப்பவர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார், மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எங்கனம்மா எறங்கணும்?" என்றார் டிரைவர்.

அணைக்குப் போகிறேன் என்றேன்.

"டேமுக்கா? அங்கன இப்ப ஆடுதான மேயுது! மழ பேஞ்சு ரொம்பட்டும், அப்புறம் வந்து பாருங்க, கண்ணு நெறஞ்சு போகும்."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சன்னல் வழியாக மலையை எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மேகம் ஒரு துண்டுகூட இல்லை. என் மனசுக்குள் 'அப்பாடா' என்றிருந்தது. அதை அங்கே வாய் விட்டுச் சொல்லியிருந்தால் நடுவழியில் இறக்கி விட்டிருப்பார்கள்.

நான் இறங்கிய ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அணைக்குள் விதைப்பது சட்டப்படி சரியில்லை. வேலை மெனக்கெட்டு எழுதி அவர்களுக்குத் தொல்லை தேடித்தர எனக்கு விருப்பமில்லை.

ஒன்பது மணிக்கு வீட்டில் கம்மங்கூழும் வெங்காயமும் கிடைத்தன. மதினியின் கணவர் சன்னாசி அண்ணன் வாசலில் நின்று நெற்றியில் கை வைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணைக்குக் கீழே அவருக்கு ஓர் ஏக்கர் நன்செய். மூன்று வருஷமாக மதகு திறக்கவில்லை. இந்த முறை எப்படியும் மழை வரும் என்று நாற்றங்காலை உழுது போட்டு, விதைநெல்லும் வாங்கி வைத்திருந்தார்.

"பாத்தியா சரசு," என்றார் மதினி. "தெனமும் மதகுக் கருப்பசாமிக்குச் சூடம் பொருத்தி மழ கேக்குறாக. நானும் அதே சாமிகிட்டப் போயி, தை பொறக்குற வரைக்கும் வேணாஞ்சாமிங்கிறேன். பாவம், அதுவும் என்னதான் செய்யும்?"

"இவ வேண்டுதலு பலிச்சா ஊரே பட்டினிதாம்மா," என்றார் அண்ணன். "பொண்டாட்டியா வாச்சிருக்கா பாரு எனக்கு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அண்ணன் பார்வை மலையிலும் மதினி பார்வை அவர் முகத்திலும்தான் இருந்தன.

பதினோரு மணிக்கு மதினியோடு கரை ஏறினேன். வெளிச்சரிவில் புல், உள்சரிவில் கல் அடுக்கு. கரையின் ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறு முனையில் கேட்காது. அவ்வளவு பெரிய அணையின் நடுவில், தூரத்தில், ஒரு குட்டை அளவுக்குத் தண்ணீர் மினுங்கியது. மற்றதெல்லாம் வெடித்துக் கிடந்த வண்டல் மண். அதில் கட்டம் கட்டமாக அறுவடை முடிந்த உளுந்தங்கொல்லைகள்.

கரையிலிருந்து இறங்கியபடியே மதினி முறையைச் சொன்னார். அணை வற்றினால் நிலம் இழந்த குடும்பங்கள் உள்ளே இறங்குவார்கள். கிணற்றுத் தூணோ பழைய புளியமரத்தின் தூரோ அடையாளம். அங்கிருந்து காலடி வைத்து அவரவர் பழைய வரப்பைப் பிடித்துவிடுவார்கள். ஒருவர் மண்ணில் அடுத்தவர் ஒரு விதைகூடப் போடமாட்டார். "பூராம் கவுருமெண்டு எடந்தான். ஆனாலும் வரப்பு வரப்புதான?" என்றார்.

ஆடியில் எல்லோரும் குறுகிய நாளில் வரும் உளுந்தை விதைத்து, புரட்டாசியில் அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். தை மாதம் அறுவடைக்கு வரும் மொச்சையை அணைக்குள் விதைத்தது மதினி மட்டும்தான். ஐப்பசியில் மழை வந்தால் அத்தனையும் போய்விடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

"தெரிஞ்சுமா போட்டீங்க மதினி?"

"அய்யா இதுல மொச்சதான போட்டாக," என்றார்.

தூண்களை நெருங்கினோம். தலைக்கு மேல் உயரம், பாசி காய்ந்து வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் அரை ஏக்கர் மொச்சை, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிஞ்சு. மதினி ஒரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். "உம் புருசன் இங்கன உக்காந்துதான் படிப்பான்" என்று மறு தூணைக் காட்டினார். நான் போய் அங்கே உட்கார்ந்தேன். அவர் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போக அவரால் முடியாது.

மூன்று மணிக்கு மேகமலை கறுத்தது. ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. மதினி இரவுச் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் விடிந்தபோது, மலையிலிருந்து அணைக்கு வரும் ஓடையில் சத்தம் கேட்டது. மதினி கூடையை எடுத்துக்கொண்டு ஓட, பின்னால் நான் ஓடினேன். தண்ணீர் சீறிக்கொண்டெல்லாம் வரவில்லை. பாய் விரிக்கிற மாதிரி, செம்மண் நிறத்தில், நிதானமாக வண்டலின் மேல் பரவியது. வெடிப்புகள் அதைக் குடிக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. கொடியைப் பிடித்து இழுத்து, கைக்குக் கிடைத்த பிஞ்சையெல்லாம் உருவினோம். சற்று நேரத்தில் சன்னாசி அண்ணன் ஒரு சாக்கோடு வந்து சேர்ந்தார். நாற்றங்காலுக்குப் போக வேண்டிய மனிதர் முழங்கால் தண்ணீரில் குனிந்து, எங்களைவிட வேகமாகப் பறித்தார்.

"சந்தோசந்தான உங்களுக்கு?" என்று மதினி அவரைக் கேட்டார்.

"சந்தோசந்தாண்டி," என்றார் அவர், நிமிராமலே. "அதான் வாயத் தொறக்காம நிக்கிறேன்."

இடுப்பளவு வந்ததும் அவர்தான் மதினியின் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பூக்கள் கொஞ்ச நேரம் மிதந்தன.

மத்தியானம் மொச்சைப் பிஞ்சைத் தோலோடு அரிந்து புளிக்குழம்பு வைத்தார் மதினி. பருப்பே பிடிக்காத பிஞ்சு. அண்ணன் மூன்று முறை சோறு வாங்கினார். மதினி எனக்கு ஒரு மஞ்சள் பை நிறையக் கட்டிக் கொடுத்தார். "விதைக்கு ஆகாது. தம்பிய இத வச்சுத் திங்கச் சொல்லு. அடுத்த தடவ..." என்று ஆரம்பித்து, புருஷனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அடுத்த தடவை என்றால் மறுபடியும் ஊர் காய வேண்டும். அவர் நாற்று காய வேண்டும். அந்த ஆசையை எந்தச் சாமியிடம் கேட்பது?

நான்கு மணி மினி பஸ்ஸில் அதே டிரைவர். "ராசியான காலும்மா ஒங்களுக்கு! வந்தீக, மழையக் கூட்டியாந்துட்டீக!" என்றார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

சென்னையிலும் மழை. மூன்று மாடியிலும் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் பையைப் பிரித்து, பிஞ்சை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார்.

"தூண் தெரிஞ்சுதா?"

"நான் போனப்போ ரெண்டும் தெரிஞ்சுது" என்றேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அணை அப்புறம் அந்த அளவுக்கு வற்றவில்லை. அண்ணன் நெல் எடுக்கிறார். போன வாரம்கூட மதினி போனில், "டேமு ரொம்பி மறுகா வழியா வழிஞ்சு போகுதுடா தம்பி" என்றார். "நல்லதுக்கா, ரொம்ப நல்லது" என்றார் இவர். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தூணுக்கு மேல எவ்வளவு தண்ணி நிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.