குழாயில் இரண்டு தட்டு

காப்பிக்கொட்டை வறுக்கும் ஆலையில் அவரைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று அறை இயந்திரம் அவர் பொறுப்பு. முதல் அறையில் கொட்டையின் ஈரம் போகும், நடு அறையில் வறுபடும், மூன்றாவதில் ஆறும். நடு அறையில் கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கியதிலிருந்து தொண்ணூறாவது நொடியில் கதவைத் திறந்து மூன்றாவதில் தள்ள வேண்டும். "நமக்குப் பாம்புச் செவியாக்கும்" என்று மார்தட்டிக்கொள்வார்.

ஆறவைக்கும் அறை அவர் மனைவியின் ராஜ்ஜியம். அறை காலியானதும் இரும்புக் குழாயை இரண்டு தட்டுத் தட்டுவாள். நடு அறைப் பக்கம் அதே குழாயில் கைவைத்து நிற்கும் இவர் உடனே கதவைத் திறப்பார். மூன்று தட்டு என்றால் சாப்பிட வா. கல்யாணமான புதிதில் நேரில் பேசக் கூச்சப்பட்டு, குழாயில் பேசியதுதான் அதிகம். அதெல்லாம் ஒரு காலம்.

இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஈடு கொட்டைகூடக் கருகியதில்லை. பிறகு முழங்கால் வலி தாங்காமல் அவள் வேலையை விட்டாள். புதிதாக வந்தவர் அறை காலியானதும் தட்டினார், இவர் திறந்தார், கொட்டை அரைவேக்காடு. அடுத்த ஈட்டுக்குத் தட்டலை நம்பாமல் வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தார். அது கரியாகிப்போனது.

"நாளைக்கும் இப்படின்னா நீங்க மூட்டை தைக்கிற பக்கம் போயிடுங்க" என்றார் முதலாளி.

வீட்டில் மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுத் தைலப் புட்டியை மூடி வைத்தாள்.

"ஏங்க, வெடிக்கிற சத்தம் உங்களுக்குக் கேக்குறதில்ல. எட்டு வருஷமாவே. அறை காலியானாலும், நான் வெடிச்சதுலருந்து தொண்ணூறு எண்ணிட்டுத்தான் தட்டுவேன்."

"ஏன் சொல்லல?"

"பாம்புச் செவின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. அந்தச் சந்தோஷத்தக் கெடுப்பானேன்?"

அவருக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. மறுநாள் நேராக முதலாளியிடம் போய் நின்றார்.

"எனக்குக் காது மந்தம். இத்தனை நாளும் கடிகாரம் என் வீட்டுக்காரிதான். தட்டுறவருக்கு எண்ணக் கத்துக்குடுங்க, மத்தத நான் பாத்துக்குறேன்."

முதலாளி சிரித்துவிட்டார். அன்று ஒரு கொட்டைகூடக் கருகவில்லை. வேலை பிழைத்தது, ஓய்வு பெறும்வரை.

இப்போது இருவரும் வீட்டோடு. அவருக்குப் பக்கத்தில் பேசுவதே சரியாகக் கேட்பதில்லை. மதியத்தில் அவள் தொண்டை கிழியக் கூப்பிடுவதும் இல்லை. அவர் கைவைத்திருக்கும் ஜன்னல் கம்பியை மூன்று தட்டுத் தட்டுவாள். அவர் சாப்பிட எழுந்து போவார்.