புற்றின் வாயில் ஈரமண்

பச்சை நொச்சித் தழை புகையும் காரமான வாடை இன்றைக்கும் என் மூக்கில் பட்டால், ஜவ்வாது மலையில் அப்பா எரிமலைப் பாடம் நடத்திய காலைதான் நினைவுக்கு வருகிறது. கூடவே நெஞ்சில் ஒரு குறுகுறுப்பும். எழுபதுகளின் கடைசியில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் இருந்த ஓராசிரியர் பள்ளிக்கு மாற்றலாகி, சந்தவாசலிலிருந்து எங்களை மலைக்கு அழைத்துவந்திருந்தார் அப்பா. அவருடைய வகுப்பிலேயே நானும் படித்தேன்.

கொதிக்கும் குழம்பு, சாம்பல், தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல் என்று எரிமலை கக்குவதையெல்லாம் அவர் அடுக்கிக்கொண்டே போக, "நாங்க கொளுத்துனாத்தானே சார் மலை எரியும்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படிக் கேட்பார்கள்? அப்பாவுக்கோ எதையும் கண்ணில் காட்டியாக வேண்டும். பள்ளிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு நின்ற, உச்சியில் வாய் திறந்த கறையான் புற்றுக்கு எங்களை ஓட்டிக்கொண்டு போய், அடிவளையில் தழையைத் திணித்துப் பற்றவைத்தார். உச்சியில் குபுகுபுவென்று புகை வந்தது. செம்மண்ணைக் கரைத்து வழியவிட்டு, நீர்த்த குழம்பு வெகுதூரம் ஓடிக் கவிழ்த்த கேடயம்போலத் தாழ்ந்த மலையாகும், கெட்டிக் குழம்பு வாயருகிலேயே குவிந்து கூம்பாகும் என்றார். அடிக்கடி கக்குவது, உறங்குவது, செத்துப்போனது என்ற வகைகளையும் சொல்லி முடித்தார். எல்லோரும் கைதட்டினோம், என்னோடு படித்த சின்னப்பொண்ணு தவிர.

அது அவள் அம்மா வள்ளியம்மா மஞ்சள் பூசிக் கும்பிடும் "புத்து". மழை மஞ்சளைக் கழுவியிருந்ததால் அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். வேடிக்கை கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் அந்தப் புற்றிடம் வேண்டிப் பெற்ற கைக்குழந்தையோடு மறுநாள் வள்ளியம்மா வந்து நின்றார். குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். அவர் சண்டை போடவில்லை. மகள் வீட்டில் பாடத்தை ஒப்பித்திருந்தாள் போலும். "நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க சார். எங்க புத்து தூங்குதா, செத்துப்பூடுச்சா?" என்றார்.

"தூங்குதும்மா" என்றார், சாமியே கும்பிடாத அப்பா. அடுத்த பஸ்ஸிலேயே தாயையும் பிள்ளையையும் ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

உயிருள்ள புற்று சிதைந்தால், கறையான் ராத்திரியோடு ராத்திரியாக ஈரமண் வைத்துப் பூசிவிடும். அப்பா விடிந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அந்தப் புற்றின் வாயைத்தான். புகைக்கு ஓடிய கறையான் திரும்பவே இல்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. "தெரியாமப் பண்ணதுதானே, வுடுங்க" என்று அம்மா சொன்னபோது, தெரிந்தே சும்மா இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். காய்ச்சல் விட்டுக் குழந்தை ஊர் திரும்பிய காலையில், புற்றின் வாயைச் சுற்றிப் புதிதாக ஈரமண் இருந்தது. அப்பாவின் நகக்கண்களிலும் செம்மண் இருந்தது.

வள்ளியம்மா புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு சுரைக்குடுக்கை நிறைய மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்தார். "பொய்க்குக் கெடச்ச தேனு" என்று அப்பா அதைத் தொடவில்லை. நான்தான் நக்கித் தீர்த்தேன்.

சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். புற்று இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. வள்ளியம்மாவும் இல்லை. அந்தக் காய்ச்சல்காரக் குழந்தைதான் நரைத்த மீசையோடு என்னை வரவேற்றார். அப்பா மண் பூசிய கதையை அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்கம்மாவுக்குத் தெரியாதா இன்னாக்கா? கறையான் வச்ச மண்ணுல வெரல் தடம் இருக்குமா? நம்ம புத்துக்காவ சாரே மண்ணு கொழச்சிப் பூசியிருக்காரேன்னுதான் அம்மா தேன் எடுத்தாந்துச்சி."

சாகும்வரை தேனையே தொடாமலிருந்த அப்பாவிடம் இதை இனி யார் போய்ச் சொல்வது?