ஏலகிரியில் ஒரு தள்ளு

என் சித்தப்பா மலைப்பாதைகளில் சைக்கிள் பந்தயம் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவர். சமதரையில் அவரை யார் வேண்டுமானாலும் முந்தலாம். ரோடு மேலே ஏற ஆரம்பித்தால் பிடிக்க ஆள் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அவர் பிறந்து வளர்ந்த கல்மண்டபம் பகுதியில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். எங்களுக்கு வாய்த்த ஒரே மலை ரயில்வே மேம்பாலம்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. நான் பள்ளிக்கூடம் போகும்போது அவர் பாலத்தில் ஏறிக்கொண்டிருப்பார். உச்சிக்குப் போனதும் இறங்கி, திரும்பவும் ஏறுவார். எங்கேயும் போகாமல் ஒரு மனுஷன் எதற்காக இப்படி வேர்த்து விறுவிறுக்கிறார் என்று எனக்கு மண்டை குடையும்.

"இன்னா சித்தப்பா, ஏறிகினும் எறங்கிகினும் கீறியே, எங்கதான் போற?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மேல" என்றார். அதற்குமேல் பேச மூச்சில்லை.

அவருக்குப் பெரிய பேஜாரு எங்கள் ஜனங்களின் நல்ல மனசுதான். பாலத்தில் யார் வண்டி திணறினாலும் பின்னால் வருகிறவர் தள்ளிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். மீன் கூடைகளோடு அந்த மூன்று சக்கர வண்டியை மிதித்து ஏற்றும்போது, பைக்கில் போகிறவன் காலை நீட்டி உந்திவிடுவான். அப்படிப்பட்டவர்கள் சித்தப்பா முக்கி முக்கி ஏறுவதைப் பார்த்துச் சும்மா போவார்களா? "வேணாம்பா, தள்ளாத" என்று அவர் கெஞ்சினால், கூச்சப்படுகிறார் என்று இன்னும் பலமாகத் தள்ளினார்கள்.

ஏலகிரியில் தேர்வுப் பந்தயம் வந்தது. முதல் மூன்று பேரை ஒரு அணி சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். குடும்பமே வேன் பிடித்துப் போய்க் கடைசி வளைவில் நின்றோம். சித்தப்பா இரண்டாவதாக வந்தார். கண் செருகி, வாய் பிளந்து அவர் வந்த கோலத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் தம்பியின் முதுகில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். சித்தப்பா முதலாவதாகப் போய்ச் சேர்ந்தார். நான் குதித்த குதி எனக்குத்தான் தெரியும்.

சற்று நேரத்தில் நடுவர் வந்தார். வேடிக்கை பார்க்க வந்த யாரோ தானாகத் தள்ளியிருந்தால் எச்சரித்து விட்டுவிடலாம், சொந்த ஆள் தள்ளியிருந்தால் பந்தயத்திலிருந்தே நீக்க வேண்டும் என்றார். பிறகு அப்பாவைக் காட்டி, இவர் யார் என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார். "நான் யாரும் இல்ல சார். சும்மா வேடிக்க பாக்க வந்தவன். இந்தப் புள்ளைய நான் பாத்ததே கெடையாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணன் சார்" என்றார்.

அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் வேறோர் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

திரும்பும் வழியெல்லாம் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சித்தப்பா அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். நான் மட்டும் அப்பாவோடு பேசவில்லை. அடி விழும் என்று பயந்து சொந்தத் தம்பியையே தெரியாது என்று சொல்லிவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.