ஐந்து மங்கும் நிரம்பிய தேர்தல்

1. கிராணியார் கொண்டுவந்த செய்தி

“வாத்தியாரே, அடுத்த வாரத்துக்குள்ள தேர்தல் வைக்கணுமாம்.”

கிராணியார் சாமிநாதன் வகுப்பு வாசலில் நின்று இதைச் சொன்னபோது நான் கரும்பலகையில் ஜப்பானிய எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தேன். போன வாரம் நான் கற்றுக்கொண்டதை இந்த வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் பாடத்திட்டம் அவ்வளவுதான்.

பெக்கோக் ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிப்போன பிறகு பால் வெட்டு நின்றுவிட்டது. லயம் என்கிற வரிசை வீடுகளைச் சுற்றி மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தோம். தோட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணியார்தான் அப்போது எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பள்ளிக்கூடம் என்பது ஒற்றை அறை, தகரக் கூரை. ஆசிரியர் நான் ஒருவன்தான்.

“என்ன தேர்தல் கிராணி ஐயா?”

“பள்ளிக்கூடத்துக்குக் கமிட்டியாம். தாய் தகப்பன்மாருங்களே ஓட்டுப் போட்டு ஒரு தலைவர எடுக்கணும். இங்க எது நடந்தாலும் அந்தத் தலைவரத்தான் கேப்பாங்க. அடுத்த வாரம் ஜப்பான்கார அதிகாரி வராரு. தலைவர் இல்லேன்னா பள்ளிக்கூடத்த மூடிட்டு மரவள்ளி ஸ்டோரா ஆக்கிடுவாங்களாம்.”

பள்ளிக்கூடம் இருக்கும்வரை நான் வாத்தியார். அதை மூடிவிட்டால் கல்யாணம் ஆகாத, கைகால் திடமான ஓர் இளைஞன். அப்படிப்பட்டவர்களைத்தான் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

பயம் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் எனக்கு ஆர்வமும் தாங்கவில்லை. எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஓட்டு என்று பத்திரிகையில் படித்திருக்கிறேனே தவிரக் கண்ணால் பார்த்ததில்லை. தோட்டத்தில் யாருமே பார்த்ததில்லை. துரை சொல்வார், கிராணி எழுதுவார், கங்காணி கத்துவார், ஜனங்கள் செய்வார்கள். அந்த ஜனங்களிடம் போய் ‘உங்களுக்கு யார் வேண்டும்?’ என்று கேட்டால் என்னதான் சொல்வார்கள்? அதைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

2. தூக்காத கைகள்

சாயங்காலம் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் கூட்டினோம். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடம் அது. பழக்கதோஷத்தில் அவரவர் கூட்டத்தோடு வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். கலைந்து நில்லுங்கள் என்று சொன்னேன். கலைந்தார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரிசையாகிவிட்டார்கள்.

கமிட்டிக்கு ஆள் எடுப்பது சுலபமாக முடிந்தது. ஐந்து லயம், லயத்துக்கு ஒருவர். முதல் லயத்துக்கு முத்துக்கருப்பன் கங்காணி. நான்காவது லயத்துக்கு அஞ்சலை. முப்பது வயதுப் பால் வெட்டுக்காரி, என்னைவிட மூத்தவர், பேச்சில் கறார். அந்த லயத்துக்காக முன்பெல்லாம் அவருடைய கணவர் வீராசாமிதான் பேசுவார். அவர் சயாமுக்குப் போய்விட்டதால் அஞ்சலை வந்தார். மற்ற மூன்று பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், அமைதியான மனிதர்கள்.

“இந்த அஞ்சு பேருல யாரு தலைவரு? ஒவ்வொரு பேரா சொல்றேன், வேணுங்கறவங்க கை தூக்குங்க,” என்றேன்.

முதல் பெயரைச் சொன்னேன். ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் கங்காணியின் கையைப் பார்த்தார்கள். கங்காணியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கிடந்தன. ஐந்து பெயரையும் சொல்லி முடித்தேன். கொசு அடிக்கக்கூட ஒருவர் கை தூக்கவில்லை.

கங்காணிக்குப் பயந்துதான் தயங்குகிறார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பத்திரிகையில் படித்த இரகசிய ஓட்டு ஞாபகத்துக்கு வந்தது. இதற்கு அதுதான் மருந்து என்று எனக்குள் ஒரே பெருமிதம்.

3. மங்கும் கொட்டையும்

காகிதம் கிடையாது. இருந்தாலும் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணமான மங்கு ஐந்தை எடுத்து வகுப்பறையில் சாக்குத் திரைக்குப் பின்னால் வரிசையாக வைத்தேன். எந்த மங்கு யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவரவர் பொருள் ஒன்று. கங்காணிக்கு அவருடைய பிரம்பு, அஞ்சலைக்கு அவருடைய தலைத்துண்டு, இப்படி. ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை கொடுத்தேன். வேண்டியவர் மங்கில் போட்டுவிட்டு வர வேண்டியது.

இந்த ஏற்பாட்டைக் கிராணியாரே மெச்சினார். “மூளைக்காரன்லா நீ!” என்றார்.

அது கொட்டை வெடிக்கிற காலம். மரத்தில் காய் ‘டப்’ என்று வெடித்து, கொட்டைகள் பள்ளிக்கூட வாசல்வரை தெறித்துக் கிடந்தன. கால் வைத்தால் வழுக்கும். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ரப்பர் கொட்டையை ஓட்டாக வைத்த மூளைக்காரன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லாரும் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். திரும்பி வந்த முகங்களில் ஒரு திருப்தி தெரிந்தது. தேர்தல் நன்றாக நடக்கிறது என்று நானும் மகிழ்ந்தேன். கடைசியாகப் போன அஞ்சலை மட்டும் உள்ளே கொஞ்சம் அதிக நேரம் இருந்தார். அவர் வெளியே வந்ததும் நானும் கிராணியாரும் சாக்கை விலக்கிப் பார்த்தோம்.

ஐந்து மங்கும் விளிம்புவரை நிரம்பியிருந்தன. ஒன்று கூடுதல், ஒன்று குறைச்சல் என்றே சொல்ல முடியாது. ஓட்டுப் போட வந்த ஜனத்தைவிடக் கூடுதலாகக் கொட்டை அதில் இருந்தது. வழியில் கிடந்ததையெல்லாம் மடியில் பொறுக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் போட்டிருக்கிறார்கள்.

“அலமாக்!” என்று கிராணியார் தலையில் கை வைத்துக்கொண்டார். “இதுங்களுக்குத் தேர்தல் ஒரு கேடா? விளக்கிச் சொல்லியும் வெளங்கலையே. நாளைக்கு உன்னையும் லாரியில ஏத்துவான், என்னையும் அறைவான்.”

எனக்கும் கோபம்தான். ஆனால் ஒரே மட்டமாக நிரம்பியிருந்த அந்த மங்குகள் என்னை விடவில்லை. தெரியாமல் போட்டால் ஒன்று கூடும், ஒன்று குறையும். இது யாரோ பார்த்துப் பார்த்து மட்டம் செய்தது. ஏன் என்று தெரிந்தாக வேண்டும்.

4. அஞ்சலை சொன்னது

மறுநாள் காலையில் மரவள்ளிக் கொல்லைக்குப் போனேன். அஞ்சலை கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, மங்கையெல்லாம் சமமாக்கினது நீங்கதானே?”

“ஆமா. கங்காணி மங்குல கொஞ்சம் கொறையா இருந்துச்சு. அள்ளிப் போட்டேன்.”

“ஏன்க்கா? ஒருத்தர்தானே தலைவரு? யாரையாச்சும் ஒருத்தரக் காட்டுங்கன்னுதானே கேட்டோம்?”

அவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “காட்டுனோமே வாத்தியாரே, போன வருசம். பெரட்டுல ஜப்பான்காரங்க வந்து கேட்டாங்க, ‘இங்க நல்லா வேல செய்யிற ஆளு யாரு?’ன்னு. எல்லாரும் ஒண்ணா எங்க வூட்டுக்காரரக் காட்டுனாங்க. கங்காணியும் காட்டுனாரு. நானுந்தான் காட்டுனேன். பெருமையா இருந்துச்சு. அப்படியே லாரியில ஏத்திட்டாங்க. மேல சட்டகூடப் போட விடல.”

நான் அந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது.

“இப்ப நீங்க வந்து அதே களத்துல நின்னு, ஒருத்தரக் காட்டு, எது நடந்தாலும் அவருதான் பொறுப்புன்னா யாரு காட்டுவா? கங்காணி எங்களுக்கு ஆகாதவருதான். அதுக்காக அவர லாரியில ஏத்த நாங்க கொட்ட போடுவமா?”

வெட்கமாக இருந்தது. தேர்தல் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று நாங்கள் நினைத்தோம். அவர்கள் ஒரு தேர்தலை ஏற்கெனவே நடத்திவிட்டு, ஒரு நல்ல மனிதரை இழந்துவிட்டு நின்றார்கள்.

5. உபயக் கணக்கு

அன்று மாலை கமிட்டி ஐவரும் கிராணியாரும் நானும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தோம். அஞ்சலை சொன்னதை நான் சொன்னேன். கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்தான் வாயைத் திறந்தார்.

“மாரியம்மன் கோயில் திருவிழாவுல உபயம் எப்படிப் பண்றோம்? மொத நாளு மொத லயம், மறுநாளு ரெண்டாவது லயம். யாரு ஒசத்தின்னு கேட்டா பண்றோம்? அது மாதிரி தலைவரும் மாசத்துக்கு ஒரு லயமா போயிட்டே இருக்கட்டும். ஒரே ஆளு மாட்ட மாட்டான்.”

“அதிகாரி ஓட்டு எங்கன்னு கேப்பானே?” என்றார் கிராணியார்.

“ஓட்டுத்தான் இருக்கே ஐயா, அஞ்சு மங்கு நெறைய,” என்றார் அஞ்சலை. “எல்லாருக்கும் ஒரே அளவு. பொய்யா சொல்றோம்?”

அதிகாரி வந்தார். கூடவே மொழிபெயர்க்க பெக்கோக்கிலிருந்து ஒரு மலாய் ஆசிரியர். நாங்கள் அவரை மரியாதையாக என்சிக் என்று கூப்பிடுவோம். அதிகாரி ஜப்பானியத்தில் கேட்பார், என்சிக் மலாயில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். பிறகு அதிகாரி மங்குகளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, ஒரு கை கொட்டையை அள்ளி, வெளியே மரத்தையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். கிராணியாருக்கு வேர்த்து ஒழுகியது.

கொட்டையை மங்கிலேயே போட்டுவிட்டு, “கெத்துவா யார்?” என்று மட்டும் கேட்கச் சொன்னார். மலாயில் தலைவருக்குக் கெத்துவா.

“இந்த மாசம் நான்,” என்று கங்காணி முன்னால் வந்தார். முறை எப்படி என்பதை என்சிக் நீளமாக விளக்கினார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் தப்பியது, கூடவே நானும் தப்பினேன். அந்த மனிதருக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டாரா என்பதை இன்றுவரை யோசிக்கிறேன்.

6. அடுத்த மாதம்

சில மாதம் கழித்து அதே அதிகாரி திடீரென்று லாரியோடும் என்சிக்கோடும் வந்தார். படிப்பு நடக்கும்போதே உள்ளே வந்து கங்காணியைக் கூப்பிடச் சொன்னார். கங்காணி கை கட்டிக்கொண்டு, “என் முறை முடிஞ்சிருச்சு,” என்றார். இப்போது யார் என்று கேட்டதற்கு அஞ்சலை வந்து நின்றார்.

சயாமுக்கு ஆள் வேண்டும், நல்ல ஆளாக ஒருவரைத் தலைவரே காட்ட வேண்டும் என்பது உத்தரவு. அதை நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறையில் இளைஞன் என்று இருந்தது நான் ஒருவன்தான்.

அஞ்சலை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “மொதல்ல காட்டுன ஆளத் திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க. அவரு வந்ததும் அடுத்த ஆளக் காட்டுறேன்.”

நான் அதை ஒரு வார்த்தை குறைக்காமல் மலாயில் சொன்னேன். என்சிக் அஞ்சலையையும் என்னையும் பார்த்தார். பிறகு ஜப்பானியத்தில் ஏதோ சொன்னார். என் அரைகுறை ஜப்பானியத்துக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. ‘அடுத்த மாதம்.’ அஞ்சலை சொல்லாத சொல் அது.

அதிகாரி போய்விட்டார். அடுத்த மாதம் லாரி வந்தபோது தலைவர் வேறு ஆள். இந்த விவகாரமே தனக்குத் தெரியாது, நேற்றுத்தான் முறை வந்தது என்றார் அவர். என்சிக் மறுபடி அதே சொல்லைச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் என்றே தள்ளிக்கொண்டு போனோம். ஜப்பான்காரர்கள் சரணடைந்தபோது எங்கள் அடுத்த மாதம் இன்னும் வந்திருக்கவில்லை.

7. சாக்கட்டித் தேர்தல்

சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். வீராசாமியும் வந்தார். எலும்பும் தோலுமாக, ஒரு காலைச் சாய்த்து நடந்து வந்தார். லயமே அழுதது.

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கமிட்டி போட வேண்டும் என்று மறுபடி களத்தில் கூடினோம். இந்த முறை ஆளுக்கு ஒரு துண்டு, கரும்பலகையில் எழுதுகிற சாக்கட்டி கொடுத்தேன். அது மரத்திலிருந்து விழாது. பெயர் கேட்டவுடன், “வீராசாமி! வீராசாமி!” என்று ஜனங்கள் ஒரே குரலில் சத்தம் போட்டார்கள்.

அஞ்சலை எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். “போதும்யா. போன தடவ நீங்க காட்டுனதே போதும். இந்தத் தடவ நானே நிக்கிறேன்.”

முதலில் சிரித்தது வீராசாமிதான்.

இப்போது நான் கிழவன், ஸ்கூடாயில் குடியிருக்கிறேன். போன வாரம் என்னைப் பார்க்க ஓர் இளம் தலைமையாசிரியர் வந்தார். பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்டால் ஒருவரும் பொறுப்புக்கு வரமாட்டேன் என்கிறார்கள், பெயர் சொல்லவும் மாட்டேன் என்கிறார்கள், அக்கறையே இல்லாத ஜனங்கள் என்று குறைப்பட்டார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

“அவங்க கடைசியா ஒருத்தரக் காட்டினாங்களே தம்பி, அவருக்கு என்ன ஆச்சு?”

அவருக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.