மருத்துவச்சிக்கு ஆண்பால்

நர்சிங் டிப்ளமோ சேர்ந்த புதிதில், என் படிப்பின் பெயரில் பாதியை வீட்டில் யாரும் சொன்னதில்லை. முழுப் பெயர் ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி. "பையன் நர்சுக்குப் படிக்கிறான்" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார். மில் மூடியதிலிருந்து செக்யூரிட்டி வேலை பார்க்கும் அப்பா அதையும் சொல்ல மாட்டார். "ஆஸ்பத்திரி லைன்ல இருக்கான்" என்பார்.

எனக்கோ அந்த விடுபட்ட பாதியின் மேல்தான் ஆர்வம். படிப்பை முடித்தால் சான்றிதழில் நான் பதிவுபெற்ற மிட்வைஃப். தமிழில் அதை எப்படிச் சொல்வது? அகராதியில் மருத்துவச்சி என்று இருந்தது. ஆண்பாலுக்கு மருத்துவன் என்றால் டாக்டர் ஆகிவிடுவேன். தாதி, செவிலி எல்லாரும் பெண்கள். லாஸ்பேட்டையிலிருந்து என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப்போகும் வகுப்புத் தோழன், "மருத்துவச்சன்னு வெச்சிக்கடா" என்று ஹெல்மெட்டுக்குள் சிரித்தான்.

மூன்றாம் வருடம் பிரசவ வார்டுக்கு அனுப்பினார்கள். பொறுப்பு சிஸ்டரிடமும் கேட்டேன்.

"பேர அப்புறம் பாக்கலாம். முதல்ல உன்ன உள்ள விடுறாங்களான்னு பாரு" என்றார்.

விடவில்லை. முதல் நாள் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். வெளியே வந்து பஞ்சு உருட்டினேன். அவர் மேல் கோபம் வரவில்லை. ஆனாலும் முகம் சுட்டது. மறுநாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் காலை கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். முதல் பிரசவம். புருஷன் கடலுக்குப் போயிருந்தார், மாமியார் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் என்னைக் காட்டி, "படிக்கிற தம்பிம்மா. கூட இருக்கலாமா?" என்று கேட்டார்.

அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா படிக்கிற?"

"பிரசவம் பாக்கத்தான்க்கா."

"ஆம்பளயா?"

சிரித்தேவிட்டார். சிரிப்பு முடிவதற்குள் அடுத்த வலி வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மீன் கூடை தூக்கிப் பழகிய பிடி.

"போயிடாத. எதனா பேசு."

வேறென்ன பேசத் தெரியும் எனக்கு? பெயர் கிடைக்காத கதையைச் சொன்னேன். பல்லைக் கடித்தபடி கேட்டார். வலி சற்று விட்டதும், "இதுக்கு இன்னாத்துக்கு தேடுற? பிரசவம் பாக்குறவங்கன்னு சொல்லு. ஆம்பளயும் அதுல வரும், பொம்பளயும் வரும்" என்றார்.

எனக்கு ஏன் அது தோன்றவே இல்லை என்று யோசிப்பதற்குள் மறுபடி மணிக்கட்டு இறுகியது.

பதினோரு மணி வாக்கில் தலை தெரிந்தது. சிஸ்டர் என் கைகளின் மேல் தன் கைகளை வைத்து வழிகாட்டினார். பெண் குழந்தை. ஆனால் அழவில்லை. "துடை, முதுகத் தேய்" என்றார் சிஸ்டர். துணியால் தேய்த்தேன். சில நொடிகள்தான் இருக்கும், எனக்குக் காது அடைத்துப்போனது. பிறகு ஒரு செருமல், அதன் பின்னால் வீறிட்ட அழுகை.

"அழுவுதா? அழுவுதா?" என்று அக்கா தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அழுவுதுக்கா" என்றேன்.

பிறகு உள்ளே வந்த மாமியார், "யாரு பாத்தாங்க?" என்று கேட்டார்.

"சிஸ்டருதான். இந்தத் தம்பி கூடவே இருந்துச்சு."

அந்த வாரமே கல்லூரி நூலகத்தில் தடித்த ஆங்கில அகராதியைப் பிரித்தேன். பழைய ஆங்கிலத்தில் 'வைஃப்' என்பது மனைவி அல்ல, வெறும் பெண். 'மிட்' என்றால் கூட. பெண்ணோடு கூட இருக்கும் ஆள். அந்த ஆள் ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் கேட்கவே இல்லை. நம்பாமல் இன்னொரு முறை படித்தேன்.

எங்கள் தெருவில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் அம்மாவிடமும் கேட்டேன். "ஸாஜ்ஃபாம். விவேகமுள்ள பெண்ணுன்னு அர்த்தம்" என்றார். ஆண் என்றால்? "பிரான்ஸ்ல ஆம்பளங்களும் அந்த வேல பாக்குறாங்க. அவங்களுக்கும் அதே பேருதான்."

இப்போது எனக்கு டயாலிசிஸ் பிரிவில் வேலை. நான் விண்ணப்பித்த இடங்களில் பிரசவ வார்டுக்கு ஆண்களை எடுக்கவில்லை. வருத்தம் உண்டு. விசாரிப்பதை மட்டும் விடவில்லை. உடன் வேலை செய்யும் மாஹேக்காரர், அவர்கள் பக்கம் மலையாளத்தில் வயற்றாட்டி என்றார். ஏனாமிலிருந்து வந்த பெண் தெலுங்கில் மந்திரசானி என்றாள். பிரசவத்தில் மந்திரம் எங்கிருந்து வந்தது என்றேன். அவளுக்கும் தெரியவில்லை. அங்கேயே மொபைலை எடுத்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.