மதலேனா எந்த ஊர்?

தேயிலைத் தோட்டத்தில் உபதேசியாராக இருக்கிறவன் வேதத்தை ஒரு தடவை படித்தால் போதாது. கேள்வி கேட்கிறவர்கள் பகல் முழுக்கக் கொழுந்து பறித்துக்கொண்டே யோசித்து வைத்திருப்பார்கள். பாடம் நடத்தப் போய் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்பா பேரா?

மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே எங்கள் தோட்டத்துக் கோயிலில், உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரம், பெண்களுக்கு நற்செய்தி வாசித்தேன். மதலேனா மரியாள் இருட்டோடு கல்லறைக்குப் போகிற இடம் வந்தது. மதலேனா என்பது அவளுடைய அப்பா பெயரா என்று செபமாலை அக்கா கேட்டார். கண்டியில் வேதாகம வகுப்புக்குப் போய் வந்த பெருமை எனக்கு. கிரேக்கத்தில் ‘மக்தலேனே’ என்றால் மக்தலா ஊர்க்காரி. அது கலிலேயா ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற ஊர். அந்த ஊர்ப் பெயருக்குக் கோபுரம் என்று பொருள் சொல்வார்கள். மரியாள்கள் பலர் இருந்ததால் ஊரைச் சேர்த்து அழைத்தார்கள். இப்படி அரை மணி நேரம் போனது. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“நம்ம மேல் டிவிசன் மேரி, கீழ் டிவிசன் மேரி மாதிரிதான். இதுக்கா இவ்வளவு நேரம்?”

கடையில் ஒரு திருத்தம்

கோயிலுக்கு மெழுகுதிரி வாங்குவது உக்குவளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வியாபாரம் செய்யும் குடும்பம். இந்த வாரம் என்ன பாடம் என்று எப்போதும் விசாரிப்பார். மக்தலா கதையைச் சொன்னேன். பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். மரியாள் இயேசுவோடு ஊர் ஊராக நடந்தவள் என்பது நான் பலமுறை வாசித்ததுதான். ஆனால் அது அவள் பெயரிலேயே இருக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் கண்டேன்.

“உக்குவளைல என்னை யாரும் உக்குவளை நானான்னு கூப்பிட மாட்டாங்க, தம்பி. மாத்தளைக்குப் போனாத்தான் அந்தப் பேரு. அந்தப் பொம்பளயும் ஊரை விட்டு வெளிய வந்திருக்கணும்.”

சிவப்புச் சேலை

இதற்கிடையில் ஒரு சிக்கல். உயிர்ப்பு ஞாயிறு காலையில் எங்கள் தோட்டத்து ஸ்டெல்லாவுக்கு மாத்தளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. உயிர்த்த ஆண்டவரை முதலில் பார்த்தவளின் பெயரையே வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஞானத்தாயாக நிற்க வேண்டியவர் கணவனின் அக்கா பிலோமினா, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர் முடியாது என்றுவிட்டார். இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நாடகத்தில் மதலேனாவுக்கு எப்போதும் சிவப்புச் சேலை கட்டி, தலையை விரித்துவிட்டு, கெட்டுப்போனவளாகத்தான் நடிக்க வைப்பார்கள். அந்தப் பெயரோடு பிள்ளையை யார் கட்டுவான் என்பது அவர் கவலை. இரண்டு தடவை ஞானஸ்நானம் தள்ளிப்போனது. ஸ்டெல்லா என்னிடம் வந்து அழுதாள்.

நான் வாதாடவில்லை. மதலேனா கெட்டவள் என்று எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள், பெயரை மாற்றிவிடலாம் என்று என் புத்தகத்தைப் பிலோமினாவிடம் கொடுத்தேன். மனுஷி லேசுப்பட்டவர் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வாரத்தில் நான்கு நற்செய்தியையும் படித்தார். பேய் பிடித்துக் குணமானவள் என்று இருந்தது. அவர் தேடியது எங்கேயும் இல்லை. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அவர் முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது. அது என் மேல் இல்லை.

“சீஷனுங்க எல்லாம் ஓடிட்டானுங்க, இவ சிலுவைகிட்ட நின்னிருக்கா. இவளுக்கா சிவப்புச் சேல கட்டி விட்டீங்க?”

பெயர் சொன்னவர்

ஞானஸ்நானத்தன்று லயத்து வீடுகளில் பாதிப் பேர் கோயிலில். நானாவும் ஒரு பெட்டி கேக்கோடு வந்து வாசலில் நின்றார். குழந்தைக்கு என்ன பெயர் என்று ஃபாதர் பெற்றோரைக் கேட்டார். ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள், பிள்ளையைக் கையில் ஏந்தியிருந்த பிலோமினா முந்திக்கொண்டார். கோயில் முழுக்கச் சிரித்தது. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“மதலேனா, ஃபாதர். யாராச்சும் ஒரு மாதிரி கேட்டா என்கிட்ட அனுப்புங்க, நான் நாலு புஸ்தகமும் படிச்சிருக்கேன்.”

ஆக, கிரேக்கம் ஓர் எழுத்தும் தெரியாத மூன்று பேரிடம் நான் ஒரு கிரேக்கச் சொல்லை ஒழுங்காகப் படித்து முடித்தேன்.