கீழ்வரிசைப் பல்லும் பார்க்க வந்தவர்களும்

நான் பிறந்த வீட்டில் பல் துலக்குவதே ஒரு சண்டை மாதிரி நடக்கும். உமிக்கரியை விரலில் அப்பி, ஈறில் ரத்தம் கசியும்வரை தேய்த்தால்தான் துலக்கியதாகக் கணக்கு. கசிவது கெட்ட ரத்தம், போகட்டும் என்பார்கள். நான் ஒரு படி மேலே போய்ச் செங்கல் பொடியும் சேர்த்துக்கொள்வேன். பல் பளபளவென்றுதான் இருந்தது, ஈறுதான் இறங்கிக்கொண்டே போனது. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த சில வருஷங்களில், கீழ்வரிசை முன்பல் ஒன்று வேர் தெரிய நீட்டிக்கொண்டு நின்றது.

எனக்கோ எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்கு அறவே பிடிக்கவில்லை. பல்லைப் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் வைத்துக்கொள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் கணவரின் அக்கா, செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள், வரும்போதெல்லாம் சொல்வாள். மதினி சொல்கிறாளே என்பதற்காகவே பிடுங்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் திடீரென்று உறவுக்காரர்கள் முளைப்பார்கள். அறுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம் எங்கள் வீட்டுக்கு அப்படி முளைத்தவர், மதுரையில் பல் டாக்டராக இருந்த ஒரு தூரத்து அண்ணாச்சி. அருவியில் குளித்த பசியோடு சாப்பிட உட்கார்ந்தவர், நான் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, கை கழுவிய பிறகு வாயைத் திறக்கச் சொன்னார்.

பிடுங்குவது ஒரு வழி என்றார். ஈறைக் கீறி ஒதுக்கி, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடி தைப்பது இரண்டாவது. அதில் இறங்கிய ஈறு ஏறாது, மேற்கொண்டு இறங்காமல் நிற்கும். மூன்றாவது, பக்கத்துப் பல்லின் ஈறில் கொஞ்சத்தைக் கிளப்பி நகர்த்தி, இந்த வேரை மூடித் தைப்பது. ஒரே போர்வையில் படுத்திருப்பவர்களில் ஒருத்தி தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிற மாதிரிதான் என்றார். புது முறை, நாலைந்து பேருக்குத்தான் செய்திருக்கிறார், ஒட்டாமலும் போகலாம். நான் மூன்றாவதையே கேட்டேன்.

மதுரைக்குப் போய்ச் செய்துகொண்டோம். ஊசி போட்டதும் உதடு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. தைத்த இடத்தில் கிராம்பு மணக்கும் ரோஸ் நிற மாவை அப்பி அனுப்பினார். ஒரு வாரத்துக்குப் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, உதட்டை இழுக்கவே கூடாது.

ஆனால் எங்கள் தெருவில் உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் போவது என்றால், நிஜமாகவே பார்த்தாக வேண்டும். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் எல்லோரும் தையலைக் காட்டச் சொன்னார்கள். காட்டாவிட்டால் மனஸ்தாபம். என் கணவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களின் பல்லையும் பார்த்து வைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அளந்துவிட்டார். பாதிப் பேர் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உள்ளே நான் தலையணையைக் கடித்துச் சிரிப்பை அடக்கவும் வழியில்லாமல் திண்டாடினேன்.

மதினியிடம் தம்பியின் ஜம்பம் பலிக்குமா? நேரே உள்ளே வந்தாள்.

"எங்கன அறுத்தாவ? காட்டுட்டி" என்றவள், நான் தலையாட்டி மறுப்பதற்குள் கீழுதட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள். ரோஸ் மாவு அப்படியே பெயர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

எல்லாம் போயிற்று என்று அழுதேன். அவளை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் முகம் என்னைவிட வெளிறிப் போயிருந்தது. அடுத்த ரயிலுக்கு அவளே என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். மாவை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, மதுரை வரைக்கும் அவளும் அழுதாள்.

அண்ணாச்சி விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்தார். வேர் இருந்த இடத்தில் சிவப்பாக, கொஞ்சம் வீங்கி, ஈறு இருந்தது.

"ஒட்டிக்கிச்சும்மா. இனிமே மெதுவாச் சிரிக்கலாம்" என்றார்.

எனக்கு மெதுவாகச் சிரிக்கத் தெரியாது. தலைப்பைத் தேடாமல் சிரித்தேன். அத்தனை சந்தோஷம். மதினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பித் தன் மேலுதட்டைத் தானே மெல்லத் தூக்கிக் காட்டினாள். எனக்கு இருந்தது ஒரு பல்லில், அவளுக்கு வரிசை முழுவதும் வேர் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்ததை நான் கர்வம் என்று நினைத்திருந்தேன்.

மூடித் தைக்க முடியாது, ஆனால் சுத்தம் செய்து பல்லை விழாமல் நிறுத்திவிடலாம் என்றார் அண்ணாச்சி. மதினி உடனே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நீ வெளிய போ. ஒருத்தரும் பாக்கப்படாது."

சரி என்றேன். ஆனால் அவள் என் கையை விடவில்லை.